பனிப்பெண் கதை பொதுச் சொத்து, அவள் படம் அப்படியில்லை: தனியாக ஒரு வீடியோ கேம் செய்த அனுபவம்

ஜப்பானின் பனிக்கால நாட்டுப்புறக் கதை ஒன்றை வைத்து நான் தனியாகச் செய்த வீடியோ கேம் இந்த வருடம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியானது. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் இது விளம்பரமாகிவிடும். எனக்குப் பிழைப்பு டோக்கியோவில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வேலை. கேம் வேலையெல்லாம் இரவிலும் வார இறுதியிலும்தான். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தும், இந்த வேலையைச் செய்து பார்த்த ஒருவரைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்கூட்டியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று லட்சம் யென்னுக்குப் பக்கமான பணமும் ஒரு முழுக் குளிர்காலமும் மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். வடகிழக்கு ஜப்பானில் இவாதே மாகாணத்தில் டோனோ என்று ஒரு ஊர். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. அந்த ஊர்க்காரரான சசாகி கிசென் சொல்லச் சொல்லக் கேட்டு, நாட்டுப்புறவியல் அறிஞர் யனகிதா குனியோ எழுதிய 'டோனோ மொனோகதாரி' (டோனோ கதைகள்) 1910இல் வெளிவந்தது. மொத்தம் 119 சின்னச் சின்னக் கதைகள். சில கதைகள் இரண்டு மூன்று வரிதான். அதில் 103ஆவது, பனிப்பெண்ணைப் பற்றியது, யூகி ஒன்னா என்பார்கள். சிறு புத்தாண்டு எனப்படும் முதல் மாதம் பதினைந்தாம் நாள் இரவில், அல்லது குளிர்காலத்தின் ஏதாவது ஒரு பௌர்ணமி இரவில், அவள் நிறையக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விளையாட வருவாளாம். அதனால் அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை எச்சரிப்பார்கள். அவ்வளவுதான் கதை. அந்தக் குழந்தைகள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று எதுவும் இல்லை. முந்தைய குளிர்காலத்தில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு பத்து வயதுப் பெண், அந்தக் கூட்டத்தில் அவனும் இருப்பானோ என்று அன்றிரவு வேண்டுமென்றே வீட்டுக்கு வராமல் இருந்தால்? என் கேம் இந்த ஒரு கேள்விதான்.

ஆனால் இந்த ஒற்றைக் கதையில் நின்றுகொள்ளவே எனக்கு நாள் பிடித்தது. பனிப்பெண் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது, ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் எழுதிய வடிவம். பனிப்புயலில் குடிசையில் ஒதுங்கிய இரண்டு மரவெட்டிகளில் கிழவரைத் தன் குளிர்மூச்சை ஊதிக் கொல்கிறாள், இளைஞனை யாரிடமும் சொல்லாதே என்று விட்டுவிடுகிறாள், பிறகு அவனுக்கே மனைவியாக வருகிறாள். இது பழைய முசாஷி மாகாணத்தின் நிஷிதாமாவைச் சேர்ந்த ஒரு விவசாயி தனக்குச் சொன்னது என்று ஹெர்ன் எழுதியிருக்கிறார். அந்த விவசாயியின் ஊர் இன்றைக்கு டோக்கியோவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஓமே நகரில் இருக்கிறது. இன்னொரு பக்கம், கூரையில் தொங்கும் பனிக்கூம்பு பெண்ணாகி வந்து கல்யாணம் செய்துகொண்டு, வெந்நீர்த் தொட்டியில் இறங்கச் சொன்னதும் கரைந்துபோகும் கதைகள். புத்தாண்டுக்கு முந்தின நாள், விற்காத வைக்கோல் தொப்பிகளைப் பனியில் நிற்கும் ஜிஸோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலைகளுக்குப் போட்டுவிட்டு வரும் கிழவர் கதை. எல்லாமே அழகு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டெமோ செய்து நண்பர்களிடம் கொடுத்தேன். கல்யாணப் பந்தியில் சாம்பார், ரசம், பாயசம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்டியது போல இருந்தது. ஒரு ஜப்பானிய நண்பர் நாசூக்காக, "இது எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். பனிப்பெண்ணுக்குப் பொதுவான உருவம் கிடையாது, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒருத்தி. ஒரு ஊரை, முடிந்தால் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடை, வீடு, பேச்சு, பனியின் தன்மை எல்லாம் அதற்குப் பிறகு தானாகவே தீர்மானமாகிவிடும், வேலையும் பாதியாகும்.

சரி, இப்போது பணம் போன கதை. எனக்குப் படம் வரைய வராது. இணையத்தில் தனித்தொழிலாளர்கள் இருக்கும் ஒரு தளத்தில் ஓவியர் ஒருவரைப் பிடித்தேன். விலை பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியைப் படங்கள் வந்ததும் கொடுத்தேன். மொத்தம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் யென். பனிப்பெண், குழந்தைகள், சில பின்னணிக் காட்சிகள். படங்கள் வந்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாள் சாம்பல் நிறப் பெட்டிகளாக நகர்ந்துகொண்டிருந்தவை மனிதர்களாகிவிட்டன. அந்த உற்சாகத்தில் ஒரு சின்ன டீசர் வெட்டி வெளியிட்டேன். இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து தனிச்செய்தி. மிகப் பணிவான ஜப்பானிய மொழியில், அந்தப் பனிப்பெண்ணின் முடி விழும் விதமும் கைச்சட்டையின் மடிப்பும் இன்னொரு ஓவியரின் படத்தை ஒத்திருக்கின்றன, தாங்கள் அறிவீர்களா என்று கேட்டிருந்தார், கூடவே அந்தப் படம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

அன்று இரவு தூங்கவில்லை. வெட்கமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜப்பானியர் கதையை எடுத்துக்கொண்டு வந்த வெளிநாட்டுக்காரன் அவர்கள் ஓவியரின் படத்தையும் திருடினான் என்று நாலு பேர் எழுதிவிட்டால் முடிந்தது. டீசரை எடுத்தேன், ஸ்டோர் பக்கத்துப் படங்களையெல்லாம் மாற்றி வெறும் பனிக்காட்சி வைத்தேன். எச்சரித்தவருக்கு நன்றி சொன்னேன், அசல் ஓவியருக்கு நடந்ததை விளக்கி மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். அவர் இரண்டு வரியில் பெருந்தன்மையாகப் பதில் போட்டார். என்னிடம் பணம் வாங்கியவர் முதலில் "தற்செயல்" என்றார், பிறகு பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். மீதிப் பணத்தையும் விடுவித்து வேலை முடிந்தது என்று நானே உறுதி செய்துவிட்டதால் எதுவும் திரும்பவில்லை.

இதில் இருந்து கற்றதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாட்டுப்புறக் கதையைத் தொடும் எல்லோருக்கும் இது வரும். நாட்டுப்புறக் கதைக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆனால் அது உங்களிடம் வந்து சேர்ந்த வடிவத்துக்குப் பெரும்பாலும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஜப்பானில் காப்புரிமை, எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் என்று இருந்தது, 2018 டிசம்பர் 30 முதல் 70 ஆண்டுகள் ஆனது. ஏற்கெனவே காலாவதியானவை மீண்டும் உயிர்பெறவில்லை. அதனால் 1967 வரை இறந்தவர்களின் எழுத்து பொதுவில் இருக்கிறது, 1968இல் இறந்தவருக்கு 2038 முடியும் வரை காத்திருக்க வேண்டும். யனகிதா 1962இல் இறந்தார், அவர் எழுத்து 2013 தொடக்கத்தில் இருந்தே பொது. ஹெர்ன் இறந்தது 1904, பிரச்சினையே இல்லை. ஆனால் இவற்றின் புதிய மொழிபெயர்ப்புகளுக்கும் குழந்தைகளுக்கான மறுகூறல்களுக்கும் தனி உரிமை உண்டு. நீங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு அந்த வாக்கியத்தை வசனமாக வைத்தால், நீங்கள் எடுத்தது யனகிதாவிடமிருந்து அல்ல.

படங்களில் இது இன்னும் சிக்கல். தோரியாமா செகியென் 1776இல் அச்சிட்ட பேய்ப்படத் தொகுப்பில் பனிப்பெண் இருக்கிறாள், அவளை யாரும் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பழைய நூல்களை, ஜப்பான் நாடாளுமன்றத்தின் நூலகமான தேசிய டயட் நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் தேடுங்கள், காப்புரிமை முடிந்தவை என்று குறிக்கப்பட்டவற்றை அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். ஆனால் இன்றைய ஜப்பானியர் மனதில் பேய் பிசாசுகளுக்கு இருக்கும் முகங்கள் பலவற்றை வரைந்தவர் மிசுகி ஷிகெரு. அவர் இறந்தது 2015இல், அதாவது 2085 முடியும் வரை அந்த முகங்கள் பொதுவுக்கு வராது. "பனிப்பெண் என்றால் இப்படித்தானே இருப்பாள்" என்று உங்களுக்குத் தோன்றும் உருவம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். ஓவியர் கொடுக்கும் ஒவ்வொரு படத்தையும் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். முடிந்த படத்தை மட்டும் வாங்காதீர்கள். பென்சில் கோட்டுப் படம், அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பு எல்லாம் கட்டம் கட்டமாக வர வேண்டும், பணமும் அப்படியே போக வேண்டும். தானே வரைபவர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. இரண்டாவதாக எனக்குக் கிடைத்தவர் நான் கேட்பதற்கு முன்பே தன் கிறுக்கல்களை அனுப்பினார்.

ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம். ஜப்பானியச் சட்டப்படி "எல்லா உரிமையும் மாற்றப்படுகிறது" என்று எழுதினால் போதாது. 27ஆம் பிரிவு, 28ஆம் பிரிவு உரிமைகள், அதாவது மாற்றியமைக்கும் உரிமையும் அப்படி மாற்றியதன் மேல் இருக்கும் உரிமையும், பெயர் சொல்லி எழுதப்படாவிட்டால் அவை ஓவியரிடமே தங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நின்ற படத்தை அசையும் படமாக மாற்றுவதுதான் கேமில் நம் முழு வேலையே, ஆகவே அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். படைப்பாளியின் தார்மீக உரிமையை (தன் பெயரைப் போடச் சொல்லவும், படைப்பைச் சிதைக்காமல் தடுக்கவும் உள்ள உரிமை) இன்னொருவருக்கு மாற்றவே முடியாது, அதனால் "பயன்படுத்த மாட்டேன்" என்று எழுதி வாங்குவது இங்கே வழக்கம். எனக்கு இது எதுவுமே தெரியாது. இரண்டாவது ஓவியர்தான் தன் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தைக் கொடுத்து, எனக்குச் சாதகமான வரிகளை எனக்கே விளக்கினார்! படத்தை ஏஐ வைத்து உருவாக்கிவிடு, காசு மிச்சம் என்றும் சிலர் சொன்னார்கள். ஸ்டீமில் 2024 ஜனவரியில் இருந்து அதை அறிவித்தாக வேண்டும் என்பது ஒரு பக்கம். கோட்டுக்குக் கோடு பொருந்திய அந்த இரவுக்குப் பிறகு, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத இன்னொரு படத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

படங்கள் மறுபடி வரையப்படும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் டோனோவுக்குப் போனேன். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின் ஹனமாகி, அங்கிருந்து கமாயிஷி பாதையில் உள்ளூர் ரயில். இதை முதலிலேயே செய்திருந்தால் கேமின் முதல் பாகத்தை இரண்டு தடவை எழுதியிருக்க வேண்டாம். நான் கேமில் ஆள் உயரத்துக்குப் பனியைக் குவித்து வைத்திருந்தேன். அப்படிக் குவிவது ஜப்பான் கடல் பக்கம்தான். சைபீரியாவில் இருந்து வரும் காற்று அந்தக் கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து மலையில் மோதி, நீகாதா போன்ற இடங்களில் கனமாகக் கொட்டிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் டோனோவுக்கு வருவது அதைவிடக் குறைவு, ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும். பனி மாவுபோல உலர்ந்திருக்கும், மிதித்தால் கிறீச்சிடும். பிறகு வீடு. அந்தப் பகுதிப் பழைய வீடுகள் 'எல்' எழுத்துப் போல வளைந்தவை, குதிரையும் மனிதர்களும் ஒரே கூரையின் கீழ். என் கேமில் அந்தப் பெண் இரவில் தனியாகக் கதவைத் திறந்து வெளியேறுவாள். நேரில் அந்த வீட்டைப் பார்த்த பிறகுதான், குதிரையைத் தாண்டாமல் அவள் சத்தமில்லாமல் வெளியேற வழியே இல்லை என்று தெரிந்தது. இப்போது கேமில் பலருக்கும் பிடித்த கட்டம் அந்தக் குதிரையைச் சமாதானப்படுத்துவதுதான். டோக்கியோவில் உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை அது.

ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோனேன். குளிரில் பேட்டரி கண்முன்னே இறங்கும், மாற்றுப் பேட்டரியைக் கோட்டுக்குள்ளே உடம்போடு வைத்திருங்கள். புதுப்பனி ஒலியை விழுங்கிவிடும் என்பதால் பதிவானதில் பாதி வெறும் அமைதி. கடைசியில் காலடிச் சத்தத்துக்கு உருளைக்கிழங்கு மாவை ஒரு துணிப்பையில் கட்டி மைக் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஒலிக்கலைஞர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். சமையலறை ஒரு வாரம் வெள்ளையாக இருந்தது.

டோனோவில் கதை சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள், வட்டார வழக்கில் சொல்வார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. ஒரு பாட்டி கதையை முடித்ததும் அவர் அருகே போய், உங்கள் குரலை கேமில் வைக்கலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். கதையை எடுத்துக்கொள், அது எனக்கும் யாரோ சொன்னதுதான், குரல் என்னுடையது என்றார். சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. கதை பொதுவாக இருந்தாலும் அதைச் சொல்லும் நிகழ்வில் சொல்பவருக்கு உரிமை உண்டு. கேட்காமல் பதிவுசெய்து கொண்டுவந்து கேமில் வைக்காதீர்கள். வசனங்களை நான் முதலில் தமிழில் எழுதியிருந்தேன். அந்தச் சிறுமி எனக்குத் தமிழில்தான் பேசினாள். அவற்றை அந்தப் பகுதிப் பேச்சில் எழுதித் தர, அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் பணம் கொடுத்தேன். எங்கே சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். அவர்தான் நிலாவையும் திருத்தினார். நான் ஜனவரி 15 என்பதால் தைப்பொங்கல் நினைப்பில் தேய்பிறை நிலாவை மூலையில் வைத்திருந்தேன். பழைய நாட்காட்டியில் மாதம் சந்திரனை வைத்து வருவதால் பதினைந்து என்றாலே பௌர்ணமி, இன்றைய நாட்காட்டியில் அது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். பனிமேல் முழு நிலா என்றால் இரவு ஏறக்குறைய பகல் மாதிரி. நான் அதுவரை போட்ட இருட்டெல்லாம் வீண்.

பப்ளிஷர் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். பப்ளிஷர் என்றால் கேம்களை வெளியிட்டுத் தரும் நிறுவனம், அப்படி ஒன்று ஆர்வம் காட்டியது. பேச்சு நடக்கும்போது வேறு யாரிடமும் பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள், பிறகு இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம்வரை "உள்ளே பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றே ஓட்டினார்கள். பனி கேமுக்குப் பனிக்காலம் போய்விட்டது. அப்படிக் கையெழுத்துப் போடுவதானால் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கட்டும், முப்பது நாள் போதும். உண்மையான ஒப்பந்தத்திலும், இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு நானே வெளியிட்டேன். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அது திரும்பும். கட்டணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், 'விரைவில்' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பக்கத்தைப் பல மாதம் முன்பே போடுங்கள், விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல், சேர்வது அப்போதுதான். ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் டெமோவோடு கலந்துகொள்ளலாம், பனி கேமுக்குப் பிப்ரவரியில் வருவதைவிடப் பொருத்தமானது இல்லை. டிசம்பர் கடைசியில் வெளியிடும் ஆசை வரும். அப்போது குளிர்காலத் தள்ளுபடி, பெரிய கேம்களெல்லாம் பாதி விலைக்கு. உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம் என்பது விதி. ஒன்றரை மணிநேரக் கதை என்றால் முழுவதும் முடித்துவிட்டே திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகக் கதையை இழுக்காதீர்கள், இழுத்தால் விமர்சனத்தில் தெரியும். விலையைக் குறைவாக வையுங்கள், திருப்பிக் கேட்கும் ஆட்கள் தாமாகக் குறைவார்கள்.

வரி விஷயம். ஸ்டீம் அமெரிக்க நிறுவனத்துடையது. அமெரிக்க வருமானத்துக்கான படிவத்தில் ஜப்பானில் வசிப்பவர் என்று காட்டினால், உடன்படிக்கைப்படி ராயல்டியில் பிடித்தம் இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு 15 சதவீதம். ஜப்பானில் சம்பளக்காரருக்குப் பக்க வருமானம், செலவு போக, ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் குறைவு என்றாலும் குடியிருப்பு வரிக்கு நகராட்சியில் சொல்ல வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்தின் பக்கவேலை விதியையும், இந்த வேலை உங்கள் விசாவில் அடங்குமா என்பதையும் முதல் யென் வருவதற்கு முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் கேம் வெளியிட நினைப்பவர்களுக்கு ஒன்று. கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் தமிழை அப்படியே போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதே வகை மென்பொருளான கோடோவின் நான்காம் பதிப்பில் எழுத்து ஒழுங்காகவே வரும். நான் யூனிட்டியில் தொடங்கிவிட்டதால் என் தமிழ் வசனங்கள் இன்னும் கோப்பிலேயே கிடக்கின்றன. அதுதான் இந்த மழைக்கால வேலை.

விற்பனை? முதல் ஓவியருக்குக் கொடுத்தது இன்னும் வரவில்லை, இரண்டாமவருக்குக் கொடுத்தது வந்துவிட்டது. அடுத்து நமஹகேயை வைத்துச் செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். அகிதாவின் ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவு முகமூடியும் வைக்கோல் ஆடையுமாக வீடு வீடாக வந்து, அழும் பிள்ளை உண்டா என்று அதட்டுபவர்கள். அது டோனோவின் ஒற்றை வரி மாதிரி இல்லை. பல ஊர்களில் இன்றும் நடப்பது, 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சடங்குகளில் ஒன்று, முகமூடி ஊருக்கு ஊர் வேறு. எந்த ஊர் முகமூடியை யாரிடம் கேட்டு வரைவது என்று அங்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஓவியரிடம் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கப் போவதில்லை.